ஆறு அங்குலம் தோண்டி நஷ்டம் அளக்க முடியுமா?

 

நொய்யல் தெளிந்து விட்டதாம். சாயப்பட்டறைக் கழிவு ஒரு சொட்டுக்கூட வெளியே வருவதில்லையாம். இடையில் நாலு நல்ல மழையும் பெய்து விட்டதால் நிலத்திலிருந்த உப்பெல்லாம் கழுவிக்கொண்டு போய் விட்டதாம். ஆகையால் ஆற்றோரத்து விவசாயிகள் இனிமேல் பழைய கதையைத் தூக்கிக்கொண்டு மனு கொடுக்க வரக்கூடாதாம். போகிற இடத்திலெல்லாம் இந்தப் பேச்சு நம் காதில் விழுகிறது. சொல்கிறவர்கள் படித்தவர்கள், நாற்காலியில் இருப்பவர்கள். கேட்கிற நம் ஆட்களிலும் சிலர், "அதும் சரிதானுங்களே, ஆத்துல இப்ப நுரை இல்லையே" என்று தலையாட்டி விட்டு வருகிறார்கள்.

ஆறு வேறு, நிலம் வேறு. ஆற்றில் போன தண்ணி போய் விட்டது. நிலத்துக்குள் போன தண்ணி எங்கே போனது? அதிலும் வெயிலுக்கு வெடித்துக் கிடக்கிற கருமண் காட்டுக்குள் போனது எங்கே போனது? இந்தக் கேள்விக்கு யாரும் வாய் திறப்பதில்லை. ஏனென்றால் மேலாக ஆறு அங்குலம் மண்ணை வெட்டி எடுத்து, மேலெழுந்த வாரியாக ஒரு அட்டையை எழுதிக் கையில் கொடுத்து விட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். அந்த ஆறு அங்குலத்துக்குக் கீழேதான் நம் நஷ்டம் படுத்துக் கிடக்கிறது. இந்த வெளியீட்டில் அதைத்தான் விவரமாக எழுதுகிறோம். பொறுமையாகப் படியுங்கள். படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு, படிக்கிற பிள்ளைகள் திண்ணையில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள்.

நம் வட்டாரத்தில் மேட்டுக்காடு செம்மண்ணும் சரளையும். வெள்வேலமரமும் கொழுக்கட்டைப் புல்லும் நிற்கிற கொரங்காடெல்லாம் பெரும்பாலும் அந்த மண்தான். பள்ளத்துக்கு இறங்கினால் கருமண். காங்கயம் பக்கம் திட்டுத்திட்டாக, குண்டடம், தாராபுரம், உடுமலை பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம். மண் ஆய்வுத் துறைக்காரர்கள் மண்ணை வகைவகையாகப் பிரித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். கோவை வட்டாரத்துக் கருமண் ஒன்றுக்குப் 'பெரியநாயக்கன்பாளையம் வரிசை' என்று பெயர். பெயர் எதுவானாலும் குணம் ஒன்றுதான். நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும்.

ஏன் வெடிக்கிறது? இந்த மண்ணில் பாதிக்குப் பாதி களி. அந்தக் களியும் சாதாரணக் களி அல்ல. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தகடுகள், வெற்றிலைக் கவுளி அடுக்கி வைத்த மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். விஞ்ஞானிகள் இதற்கு மான்ட்மோரில்லோனைட் என்று பெயர் சொல்கிறார்கள். தண்ணீர் பட்டால் இந்தத் தகடுகளுக்கு நடுவிலேயே தண்ணீர் புகுந்து தகட்டைத் தள்ளும், மண் உப்பி எழும். காய்ந்தால் தகடுகள் நெருங்கும், மண் சுருங்கும், சுருங்கின இடத்தில் வெடிப்பு விடும். சித்திரை வைகாசியில் பார்த்திருப்பீர்கள், கை நுழைகிற அகலத்துக்கு வெடித்துக் கிடக்கும். ஆழம் மூன்றடிக்குக் குறையாது. சைக்கிள் கம்பியை விட்டுப் பார்த்தால் முழுசாக உள்ளே போய் விடும். கருமண்ணில் வீடு கட்டியவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கடைக்கால் எவ்வளவு ஆழம் எடுத்தாலும் சுவரில் கோடு விழும். குழாய் புதைத்தவர்களுக்கும் தெரியும். மண் இழுத்த இழுப்பில் இணைப்பு பிடுங்கிக் கொள்ளும்.

ஆனால் இந்த வெடிப்பை நம் பெரியவர்கள் குறையாக நினைத்ததில்லை. கருமண் தன்னைத் தானே உழுது கொள்கிற மண் என்று அவர்களுக்குத் தெரியும். கோடையில் மேல் மண் பொலபொலவென்று உதிர்ந்து வெடிப்புக்குள் விழுகிறது. மழை பெய்ததும் உப்பி மூடிக்கொள்கிறது. இப்படி வருசா வருசம் மேல் மண் கீழேயும் கீழ் மண் மேலேயும் புரள்கிறது. நல்ல கருமண் காய்ந்தால் மேலே கம்பு பரப்பின மாதிரி உருண்டை உருண்டையாகப் பொடியும். அந்தப் பொடிதான் கீழே இருக்கிற ஈரத்துக்குப் போர்வை. ஒரு மீட்டர் ஆழக் கருமண், பயிர் உறிஞ்சுகிற மாதிரி 150 முதல் 200 மில்லி மீட்டர் மழையைத் தனக்குள் பிடித்து வைத்திருக்கும். செம்மண்ணில் அதில் பாதி நின்றால் பெரிசு. அதனால்தான் ஐப்பசி மழையை வாங்கிக் கொண்டு, பிறகு வானம் பார்க்காமலே கொண்டைக்கடலையும் பருத்தியும் சோளமும் விளைந்தன. 1900களின் தொடக்கத்தில் கம்போடியாப் பருத்தி இந்தச் சீமைக்கு வந்தது. கவலை இறைத்த தோட்டங்களில் அது செழித்தது. அந்தப் பருத்தியை அரைக்கத்தான் திருப்பூரில் ஜின்னிங் மில்லுகள் வந்தன. 1920களில் பனியன் கம்பெனி வந்ததும் அந்தப் பருத்திச் சந்தையின் வாலைப் பிடித்துக் கொண்டுதான். இன்றைக்கு வெளிநாட்டுக்கு பனியன் அனுப்பி ஆண்டுக்குப் பல ஆயிரம் கோடி பார்க்கிற ஊருக்கு முதல் போட்டது இந்த மண் என்பதை ஊர் மறந்து விட்டது, நாம் மறக்க வேண்டாம்.

இப்போது உப்புக்கு வருவோம்.

சாயக்கழிவு என்றால் நிறம் என்று நினைக்கிறார்கள். பச்சையும் சிவப்புமாக ஆறு ஓடியதைப் படம் பிடித்துப் போட்டுப் போட்டு அப்படி ஒரு எண்ணம் வந்து விட்டது. நம் நிலத்தைக் கெடுத்தது நிறம் அல்ல, உப்பு. பருத்தித் துணியில் சாயம் ஏற வேண்டுமானால் சாயத் தொட்டியில் சமையல் உப்பையோ, கிளாபர் உப்பையோ கிலோ கணக்கில் கொட்ட வேண்டும். சாயம் பிடித்து நிற்க சோடா ஆஷ் போட வேண்டும். முன்னதாகத் துணியை வெளுக்க காஸ்டிக் சோடா. இந்த நாலும் வேறு வேறு பெயர். ஆனால் நாலிலும் உள்ளே இருப்பது ஒரே ஆள்தான், சோடியம். சாயம் துணியோடு போய் விடும். உப்பு துணியோடு போகாது. போட்டது போட்டபடி தண்ணீரோடு வெளியே வரும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆற்றில் விடலாம் என்று மாசுக் கட்டுப்பாட்டு விதியில் வைத்த வரம்பே லிட்டருக்கு 2,100 மில்லி கிராம் கரைந்த உப்பு. ஒரு ஏக்கரில் ஓர் அங்குலம் தண்ணீர் நிறுத்தினால் ஏறத்தாழ ஒரு லட்சம் லிட்டர். கருமண் காட்டுக்கு ஒரு தண்ணி கட்டினால் ரெண்டு அங்குலத்துக்குக் குறையாது. ரெண்டு லட்சம் லிட்டர். விதிப்படி சுத்தம் செய்ததாகச் சொல்கிற அந்தத் தண்ணீரைக் கட்டினால்கூட ஏக்கருக்கு 420 கிலோ உப்பு. அம்பது கிலோ மூட்டையாக எட்டு மூட்டைக்கு மேல்! பத்துத் தண்ணி கட்டுகிற பயிருக்கு 84 மூட்டை. மாட்டு வண்டியில் ஏற்றினால் எத்தனை நடை என்று நீங்களே பார்த்துக் கொள்ளுங்கள். வரம்பைத் தாண்டி விட்ட வருசங்களின் கணக்கு இதில் சேராது.

செம்மண்ணில் இந்த உப்பு விழுந்தால், ரெண்டு பெருமழையில் ஓரளவு கீழே இறங்கி விடும். கிணறு கெடும், அது வேறு கொடுமை, ஆனால் மேல் மண் சீக்கிரம் தேறும். கருமண்ணில் நடப்பது வேறு. ரெண்டு விதத்தில் வேறு.

ஒன்று, வெடிப்பு. காய்ந்து வெடித்த காட்டுக்கு முதல் தண்ணி திறந்து விட்டால் என்ன ஆகிறது? பாத்தி நிறைவதே இல்லை. "மோட்டார் ஓடிக்கிட்டே இருக்குது, தண்ணி எங்கதான் போகுதோ" என்று மடையில் நின்று முணுமுணுக்காத ஆள் உண்டா? தண்ணி வெடிப்பு வழியாக நேராக மூன்றடி ஆழத்துக்குப் போகிறது. மேல் மண்ணை நனைப்பதற்கு முன்னாலேயே அடி மண்ணை நனைக்கிறது. பிறகுதான் உப்பி மூடிக் கொள்கிறது. ஆக, கழிவு கலந்த தண்ணீர் வந்த வருசங்களில் உப்பும் அதே வழியாக முதல் தண்ணியிலேயே அடிக்குப் போய் இறங்கி விட்டது. மேலே இருந்து ஆறு அங்குலம் வெட்டி எடுத்து ஆய்வுக் கூடத்துக்கு அனுப்பினால் அது எப்படித் தெரியும்? வீட்டில் திருடன் அட்டாலியில் ஒளிந்திருக்க, வாசற்படியில் தேடி விட்டு யாரும் இல்லை என்று எழுதிக் கொடுக்கிற கதைதான்.

இரண்டாவது, மழை. இதை நன்றாகக் கவனியுங்கள், ஏனென்றால் நம்மை ஏமாற்றுகிற பேச்சு இதில்தான் இருக்கிறது. களித் தகடுகளை ஒன்றோடு ஒன்று இழுத்துப் பிடித்து உருண்டையாக வைத்திருப்பது கால்சியம், அதாவது சுண்ணாம்புச் சத்து. அதற்கு ரெண்டு கை. இந்தத் தகட்டை ஒரு கையாலும் அடுத்ததை மறு கையாலும் பிடித்துக் கொள்ளும். சோடியத்துக்கு ஒரே கை. அளவுக்கு மீறி சோடியம் வந்து கால்சியத்தைத் தள்ளி விட்டு அந்த இடத்தில் உட்கார்ந்து விட்டால், தகடுகளுக்குள் பிடிப்பு போய் விடுகிறது. ஆனாலும் தண்ணீரில் உப்பு நிறைய இருக்கிற வரைக்கும் மண் ஒருவாறு கூடித்தான் நிற்கும். அந்தக் காலத்தில் கழிவுத் தண்ணீரைக் கட்டியவர்கள் முதல் ரெண்டு வருசம் "ஒண்ணும் ஆகலையே" என்று சொன்னதற்குக் காரணம் இதுதான். பிறகு நல்ல மழை பெய்கிறது. மழைத் தண்ணீர் கரைந்து கிடக்கிற உப்பைக் கழுவும். தகட்டில் ஒட்டிக்கொண்ட சோடியத்தைக் கழுவாது. உப்பு போய் சோடியம் மட்டும் நின்றதும், மண் பால் மாதிரிக் கரைகிறது. கரைந்த களி சந்து பொந்தையெல்லாம் அடைக்கிறது. மேலே தண்ணி நாலு நாள் கலங்கி நிற்கும், ஒரு சாண் கீழே தோண்டினால் உலர்ந்து கிடக்கும்! காய்ந்தால் பொடியாவதில்லை, சிமெண்ட் பலகை மாதிரிப் பாளம் பாளமாகப் பிளக்கும். கலப்பை கொழு ஏறாது, விதை முளை மேலே வராது. மழை பெய்து நிலம் திருந்தி விட்டது என்கிறவர்களே, எங்கள் காட்டில் மழை பெய்த பிறகுதானய்யா நிலம் முழுசாகக் கெட்டது!

இதற்குத்தான் உவர் வேறு, களர் வேறு என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். வெள்ளை பூத்துக் கிடப்பது உவர். கழுவினால் போகும். சோடியம் ஒட்டிக்கொண்டது களர். கழுவினால் போகாது. களியில் பிடித்திருக்கிற சத்துகளில் நூற்றுக்குப் பதினைந்து பங்குக்கு மேல் சோடியமானால் களர் நிலம் என்று புத்தகம் சொல்லும். ஆனால் வெடிக்கிற களிமண்ணுக்கு அந்தக் கணக்குப் போதாது. நம்மைப் போலவே கருமண்ணில் பருத்தி போடுகிற ஆஸ்திரேலியாவில் நூற்றுக்கு ஆறு பங்கைத் தாண்டினாலே கெட்ட மண் என்று எடுத்துக் கொள்கிறார்கள்.

நமக்கு மட்டும் வந்த வினையும் அல்ல. மகாராஷ்டிரத்தில் வெள்ளைக்காரன் காலத்தில், 1880களில், நீரா ஆற்றுக் கால்வாயைத் திறந்து விட்டான். பஞ்சம் தீர வந்த தண்ணி. அதுவும் கருமண் பூமி. கரும்புக்கு அளவில்லாமல் தண்ணி பாய்ச்சி, வடிகால் வெட்டாமல் விட்டதில் சில வருசங்களிலேயே நிலம் உவரும் களருமாக மாறத் தொடங்கியது. அங்கே அந்த மண்ணுக்குச் 'சோபன்' என்று பெயர். சாயப்பட்டறை இல்லாத இடத்திலேயே அந்தக் கதி. ஆகவே எல்லாப் பழியையும் சாயத்தின் தலையில் மட்டும் போட்டு விட்டு நாம் சும்மா இருக்க முடியாது. ஆயிரம் அடிக்கு மேல் போன போர் தண்ணீர் பலவற்றில் பைகார்பனேட் அதிகம். அது மண்ணில் இருக்கிற கால்சியத்தைச் சுண்ணாம்பாகப் பிடித்துப் போட்டு விட்டு, சோடியத்துக்கு இடம் விடும். ஆற்றுக்குப் பத்து மைல் தள்ளிக் களர் வந்திருக்கிறதே, எப்படி என்று கேட்பவர்களுக்கு இது பதில். பி.ஏ.பி. வாய்க்கால் தண்ணீர் மண்டல முறைப்படி ரெண்டு வருசத்துக்கு ஒரு தரம் வருகிறது. நடுவில் போர் தண்ணீர்தான் கதி. வாய்க்கால் தண்ணீரின் அருமை கருமண்காரனுக்குத்தான் தெரியும்.

சரி, சாயக் கழிவின் வழக்கு என்ன ஆனது என்பதைப் புதிதாக வந்த இளைஞர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறோம். சென்னிமலைக்குப் பக்கத்தில் 1990களின் தொடக்கத்தில் ஒரத்துப்பாளையம் அணையைக் கட்டினார்கள். பத்தாயிரம் ஏக்கருக்கு மேல் பாய வேண்டிய அணை, பெரும்பகுதி கரூர் மாவட்டத்து நிலம். பாய்ந்தது என்ன? சில வருசத்துக்குள் அது திருப்பூரின் சாயக் கழிவுத் தொட்டி ஆகி விட்டது. எந்த அணையைக் கட்டச் சொல்லி மனுக் கொடுத்தார்களோ, அந்த அணையைத் திறக்காதே என்று அதே விவசாயிகள் மனுக் கொடுத்தார்கள். உலகத்தில் வேறெங்கும் நடந்திருக்குமா தெரியவில்லை. வேலூர்ப் பக்கத்துத் தோல் பதனிடும் ஆலை வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பினால் சூழல் இழப்பீட்டு ஆணையம் வந்தது. அந்த ஆணையம் நொய்யல் ஓரத்தில் 28,000க்கும் மேற்பட்ட விவசாயிகள் பாதிக்கப்பட்டதாகக் கணக்கெடுத்து, 2004இல் 24 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பீடு நிர்ணயித்தது. நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் சங்கம் தொடுத்த வழக்கில் 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், வெளியேற்றுகிற கழிவுக்கு லிட்டருக்கு 6 பைசாவில் தொடங்கி 10 பைசா வரை கட்டு, 2007 ஜூலைக்குள் ஒரு சொட்டும் வெளியே விடாத நிலைக்கு வா என்று உத்தரவு போட்டது. பட்டறைக்காரர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2009இல் அங்கேயும் மாசு செய்தவன்தான் செலவைச் சுமக்க வேண்டும் என்றே தீர்ப்பு வந்தது. அப்போதும் நிற்கவில்லை. 2011 ஜனவரி 28இல் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் அத்தனையையும் மூடச் சொல்லி விட்டது. பிறகு அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்து, பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் உப்புத் தண்ணீரையே திரும்ப எடுத்துப் பயன்படுத்துகிற ஏற்பாடு வந்து, பட்டறைகள் படிப்படியாகத் திறந்தன.

அந்த ஏற்பாட்டை நாம் குறைத்துப் பேசவில்லை. செய்தவர்கள் செய்திருக்கிறார்கள். திருப்பூரை மூடு என்று நம் சங்கம் சொல்லவும் இல்லை. நம் வீட்டுப் பிள்ளைகள் அங்கேதான் வேலைக்குப் போகிறார்கள். பட்டறை வைத்திருப்பவர்களிலும் நம் பங்காளி, மாமன் மச்சான் எத்தனை பேர்! பொங்கலுக்கு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். ஆனால் கணக்கு என்று வந்தால் கணக்குத்தான். இழப்பீடு என்பது போன வெள்ளாமைக்குக் கொடுத்தது. ஓரிரு வருச விளைச்சல் நஷ்டத்தைப் பார்த்தார்கள். மண்ணைத் திருப்பிச் சரிப்படுத்த என்ன செலவு என்பதை யார் பார்த்தார்கள்? கருமண்காரனுக்கும் செம்மண்காரனுக்கும் ஒரே அளவுகோலா? செம்மண் தேறுகிற காலத்தில் கருமண் தேறாது என்பதை மேலே விளக்கியிருக்கிறோம். உண்மையான நஷ்டம் அங்கேதான் இருக்கிறது. இருட்டிலும் மழையிலும் ஓடையில் திறந்து விடுகிற கள்ளப் பட்டறைகளைப் பற்றித் தனியாகப் பேசுவோம். அதற்கு ராத்திரிக் காவல் போட்டிருக்கிற கிராமங்களுக்கு நம் வணக்கம்.

மண்வள அட்டையை எடுத்துப் பாருங்கள். 2015இல் மத்திய அரசு கொண்டு வந்தது. பன்னிரண்டு சங்கதி அதில் இருக்கிறது. தழை, மணி, சாம்பல், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், அப்புறம் கார அமில நிலை, மின் கடத்தும் திறன், அங்ககக் கரிமம். சோடியம் எங்கே? இல்லை! எந்த வியாதியில் நிலம் படுத்திருக்கிறதோ அந்த வியாதியைப் பார்க்கிற கட்டமே அட்டையில் இல்லை. மின் கடத்தும் திறன் கரைந்த உப்பை மட்டும்தான் காட்டும். களர் நிலத்தில் அது 'சாதாரணம்' என்றே வரும். அதிகாரி அந்தக் கட்டத்தில் விரலை வைத்து "பாருங்க, உங்க நிலம் நல்லாத்தானே இருக்குது" என்பார். கார அமில நிலை எட்டரைக்கு மேல் இருந்தால் சந்தேகப்படலாம். அவ்வளவுதான் அந்த அட்டையால் முடியும்.

அட்டை வேண்டாம், ஒரு கண்ணாடி டம்ளர் போதும். வீட்டிலேயே பாருங்கள். மழைத் தண்ணீரோ, பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீரோ முக்கால் டம்ளர். போர் தண்ணீர் கூடாது, அதில் உப்பு இருப்பதால் குட்டு வெளிப்படாது. காய்ந்த மண்கட்டி பட்டாணி அளவு ஒன்றை மெல்ல உள்ளே விடுங்கள். கலக்காதீர்கள், டம்ளரை ஆட்டாதீர்கள். கட்டி பொலபொலவென்று உதிர்ந்து, தண்ணி தெளிவாகவே நின்றால் கவலையில்லை, கருமண்ணின் இயல்பு அது. கட்டியைச் சுற்றிப் புகை மூட்டம் போலக் கலங்கி, ரெண்டு மணி நேரத்தில் பால் கலந்தாற்போல் ஆனால் சோடியம் ஏறி விட்டது. மேல் மண்ணில் ஒன்று, ரெண்டடி ஆழத்து மண்ணில் ஒன்று என்று ரெண்டு டம்ளர் வையுங்கள். மேலே தெளிவு, கீழே கலங்கல் என்று வருகிற தோட்டங்கள் நிறைய இருக்கும். அந்த ரெண்டு டம்ளரையும் தூக்கிக்கொண்டு போய்க் குறைதீர் கூட்டத்தில் மேசை மேல் வைத்தால், யார் என்ன பதில் சொல்வார்கள் பார்ப்போம்.

தீர்க்க வழி இருக்கிறதா? இருக்கிறது, ஆனால் ஒரு ஆளால் முடியாது. ஜிப்சம் போட வேண்டும். அதிலிருக்கிற கால்சியம் சோடியத்தைத் தள்ளி விட்டு இடத்தைப் பிடிக்கும். எத்தனை டன் என்பது மண்ணைச் சோதித்தால்தான் தெரியும். ரெண்டு மூட்டையை வீசி விட்டு ஜிப்சம் போட்டேன், பலனில்லை என்று சொல்வதில் அர்த்தமில்லை. போட்டு, நல்ல தண்ணி கட்டி, வடிக்க வேண்டும். வடிகால் இல்லாவிட்டால் வெளியேறின சோடியம் அங்கேயேதான் சுற்றிக் கொண்டிருக்கும். நம் தோட்டத்தில் வடித்தால் பக்கத்துத் தோட்டத்துக்குப் போகும், அவருக்கும் நமக்கும் வரப்புச் சண்டை வரும். ஆகவே ஊர் சேர்ந்து ஓடை வரைக்கும் பொது வடிகால் வெட்டியாக வேண்டும். தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கிற பருவத்தில் மடக்கி உழுவதும் தொழு உரமும் பெரிய உதவி. நம் கருமண்ணில் சுக்காங்கல்லாகச் சுண்ணாம்பு ஏராளம். எலுமிச்சம்பழச் சாறு ரெண்டு சொட்டு விட்டால் மண் நுரைக்கும், பாருங்கள். மருந்து வீட்டுக்குள்ளேயே இருக்கிறது, ஆனால் கரையாமல் கல்லாகக் கிடக்கிறது. பசுந்தாள் மக்கும்போது வருகிற அமிலம்தான் அதைக் கரைத்துக் கொடுக்கும். நெல் போடுகிறவர்களுக்குத் திருச்சி வேளாண் கல்லூரி களருக்கென்றே வெளியிட்ட டி.ஆர்.ஒய். ரகங்கள் உண்டு. பருத்தி ஓரளவு தாங்கும். சின்ன வெங்காயமும் அவரையும் தாங்காது.

2024-25 வேளாண் நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு அறிவித்த 'மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்' திட்டத்தில் பசுந்தாள் விதை மானியமும் களர் நிலச் சீர்திருத்தமும் இருக்கின்றன. அறிவிப்பு நல்ல அறிவிப்புத்தான். நொய்யல் ஓரத்துக் கருமண்ணுக்கு அதில் எவ்வளவு ஒதுக்கீடு, எந்தெந்தக் கிராமம் என்று பெயர் போட்டுச் சொல்ல வேண்டும் என்கிறோம்.

ஆகவே நம் கோரிக்கை இது. நொய்யல் பாசனக் கிராமங்களில் கருமண் நிலங்களைத் தனியாகப் பிரித்து, மூன்றடி ஆழம் வரைக்கும் மண் எடுத்து, சோடியம் பங்கையும் ஜிப்சம் தேவையையும் அரசுச் செலவில் சோதிக்க வேண்டும். கிணற்றுத் தண்ணீரையும் அதே போலப் பார்க்க வேண்டும். தேவைப்படுகிற ஜிப்சத்தையும் பொது வடிகால் செலவையும், மாசு செய்தவன் சுமக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்ன நியதிப்படி, மண் சீர்திருத்த இழப்பீடாகத் தர வேண்டும். இது பிச்சை அல்ல. மின்கட்டணத்தில் ஒரு பைசா உயர்வை எதிர்த்து 1970இல் பெருமாநல்லூரில் மூன்று உயிரைக் கொடுத்த வட்டாரம் இது. நியாயமான காசைக் கேட்பதற்கு நமக்குக் கூச்சம் வேண்டாம்.

அடுத்த மாதக் குறைதீர்க்கும் நாளுக்கு வெறுங்கையோடு போகப் போவதில்லை. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு மண்ணோடு போகிறோம். ஒவ்வொரு கிராமத்திலிருந்தும் கருமண் தோட்டக்காரர்கள் மண் எடுத்து வர வேண்டும். எப்படி எடுப்பது என்பதைக் கவனமாகப் படித்துக் கொள்ளுங்கள். அறுவடை முடிந்த காட்டில் எடுங்கள். எருக்குழிப் பக்கம், மர நிழல், மடைவாய், வரப்போரம் வேண்டாம். முழங்கால் ஆழத்துக்கு மேல் குழி வெட்டி மூன்றடி வரை போங்கள். மேலிருந்து அரையடி, அடுத்த அரையடி, அதற்குக் கீழ் ஒரு அடி, கடைசி ஒரு அடி என்று நாலு அடுக்காக, ஒவ்வொன்றிலும் அரைக் கிலோ. வெடிப்புக்குள் விழுந்து கிடக்கிற மேல்மண் அடி மண்ணோடு கலந்து விடாமல் குழியின் சுவரைச் சுரண்டி எடுங்கள். நிழலில் உலர்த்தி, துணிப்பையில் கட்டி, சர்வே எண், ஊர், ஆழம், எந்தத் தண்ணீர் பாய்கிறது, எந்த வருசத்திலிருந்து வெள்ளாமை குறைந்தது என்று சீட்டு எழுதி உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றும் வையுங்கள். மோட்டாரை அரை மணி நேரம் ஓட விட்ட பிறகு ஒரு லிட்டர் தண்ணீரும் பிடித்து வாருங்கள். கிளைச் செயலாளர்களிடம் முந்தின நாள் சாயங்காலத்துக்குள் ஒப்படைத்து விட வேண்டும். உர மூட்டைச் சாக்கில் மட்டும் யாரும் மண்ணைப் போட்டுக் கொண்டு வந்து விடாதீர்கள். சாக்கில் ஒட்டியிருக்கிற உரத்தைக் காட்டியே நம் மண்ணைத் தள்ளுபடி செய்து விடுவார்கள்.